நிழலின் விலை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவையொட்டி நடைபெற்ற மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் கவிஞன் அல்லன். வட்டம் தொடங்கிய நாள் முதல் பின்வரிசையில் அமர்ந்து கேட்டு வருபவன். ஆண்டு நிறைவுக்கு நானும் பேசவேண்டும் என்று செயலாளர் பணித்தபோது, எனக்கு இலக்கியம் பேச வராது என்று ஒதுங்கப் பார்த்தேன். "தெரிந்ததைப் பேசுங்கள், போதும்" என்றார். எனக்குத் தெரிந்தவை இரண்டே. ஒன்று காப்பித் தோட்டம். மற்றொன்று அந்தத் தோட்டத்துக்கு ஆண்டுதோறும் வந்து போகும் பறவைகள்.

இவ்விரண்டும் நம் வட்டத்துக்கு அயலானவை அல்ல. கூட்டம் முடியும் வேளையில் பின்னறையிலிருந்து காப்பி மணம் வந்துவிடும். நீண்ட விமரிசனங்கள் சட்டென்று சுருங்கிப்போவதற்கு அந்த மணமே காரணம் என்பதை நாம் அனைவரும் அறிவோம். பறவைகளோ கவிதைகளில் வந்துகொண்டே இருக்கின்றன. கூடு திரும்பும் பறவை, சிறகிழந்த பறவை, எல்லையற்ற வானில் திரியும் பறவை என்று பத்தாண்டுகளில் இம்மேடையில் எத்தனையோ பறவைகள் பறந்துவிட்டன. ஆனால் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பெயர் இல்லை. நாம் குடிக்கும் காப்பிக்கும் ஊர் இல்லை. பெயரில்லாத பறவையும் ஊரில்லாத காப்பியும் ஒரே மரத்தடியில் வாழ்கின்றன என்பதைச் சொல்லவே இன்று எழுந்து நிற்கிறேன்.

முதலில் ஒரு சொல். பறவைகள் பருவந்தோறும் இடம் பெயர்வதை 'வலசை போதல்' என்கிறோம். இச்சொல் பறவைகளுக்கென்றே பிறந்ததன்று. பஞ்சத்துக்கும் போருக்கும் அஞ்சி ஊரைவிட்டுக் கிளம்பிய மக்களுக்கும் இதுவே சொல். தென்காசிப் பக்கம் குத்துக்கல்வலசை, கணக்கப்பிள்ளைவலசை என்று ஊர்ப்பெயர்கள் இன்றும் இருக்கின்றன. வலசை என்னும் சொல்லில் கிளம்புதலும் உண்டு, வந்து தங்குதலும் உண்டு. தங்க இடமில்லாமல் போனால் அது வலசை ஆகாது, அலைதல் ஆகிவிடும்.

சத்திமுற்றப் புலவர் இதை அறிந்திருந்தார். குமரி வரை சென்று வடக்கே மீளும் நாரையிடம் தம் வறுமையைச் சொல்லி அனுப்பியபோது, பொதுவாக 'என் ஊருக்குப் போ' என்று அவர் சொல்லவில்லை. தம் ஊர்க் குளத்தில் தங்கச் சொன்னார். பறவைக்கு இறங்குமிடம் வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நாரைக்குக் குளம். பெரிய பறவை, திறந்த வெளியில் இறங்கும், கண்ணுக்குத் தெரியும், பாட்டிலும் ஏறிவிட்டது. ஆனால் வடக்கிலிருந்து இரவோடு இரவாக வரும் சின்னஞ்சிறு பறவைகள் எங்கே இறங்குகின்றன? அவற்றுக்கு வேண்டியது நீர்நிலை அன்று, நிழல். மேலே மரக்கூரை, நடுவில் புதர், கீழே மட்கிய இலை, அந்த இலைக்குள் புழு பூச்சி. இவ்வளவும் ஒருங்கே இருக்கும் இடங்கள் நம் மலைகளில் இரண்டு. ஒன்று காடு. மற்றொன்று பழைய முறையில் வளர்க்கப்பட்ட காப்பித் தோட்டம்.

என் பிள்ளைப் பருவம் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்கு அருகில், தாய்மாமன் வீட்டில் கழிந்தது. அவருக்கு நான்கு ஏக்கர் காப்பி. ஐப்பசி பிறக்கும் முன்பே ஒருநாள் விடியலில், காப்பிச் செடிகளுக்கு அடியிலிருந்து இருசுரத்தில் ஒரு சீழ்க்கை கேட்கும். "வந்துட்டான்" என்பார் மாமா. அதுதான் ஆறுமணிக்குருவி. காலை ஆறு மணியை ஒட்டியும் மாலை ஆறு மணியை ஒட்டியும் குரல் கொடுப்பதால் தமிழர் வைத்த பெயர். தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். பச்சை முதுகும், பழுப்பு மஞ்சள் மார்பும், வால் அடியில் குங்குமச் சிவப்பும், கண்ணில் தீட்டிய மைபோல் கறுப்புப் பட்டையும் கொண்டது. இத்தனை நிறம் இருந்தும் எளிதில் கண்ணில் படாது. சருகைக் கிளறிக்கொண்டு தரையிலேயே திரியும். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. வரும் வழியில் களைத்துப் போய் நகரத்து வீடுகளுக்குள் விழுந்து கிடப்பதும் உண்டு.

இன்னொன்று பச்சைக் கதிர்க்குருவி. எடை சுமார் எட்டுக் கிராம். இமயத்திலும் அதற்கு அப்பாலுள்ள வடபுலக் காடுகளிலும் பிறந்த உயிர் இது. இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பூச்சிகளைப் பொறுக்கியே குளிர்காலத்தைக் கழிக்கிறது. வந்த இடத்தில் தனக்கென்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, அதற்குள் வேறொரு கதிர்க்குருவி நுழைந்தால் விரட்டும். விருந்தாளியின் நடத்தை அன்று அது, வீட்டுக்காரரின் நடத்தை. வடக்கே கூடு கட்டும் மாதங்களைவிட இங்கே கழிக்கும் மாதங்களே மிகுதி. அப்படியானால் அதன் ஊர் எது?

மூன்றாவதாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும், கவிஞர்களுக்காக. கொரியா, சீனம், கிழக்குச் சைபீரியா போன்ற இடங்களிலிருந்து ஒரு வாலாட்டி வருகிறது. மற்ற வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது பக்கவாட்டில் ஆட்டும். மற்றவை நீரோரத்தில் திரியும். இது மரநிழலில் திரியும். தமிழில் இதன் பெயர் கொடிக்கால் வாலாட்டி. கொடிக்கால் என்றால் அகத்தி நிழலில் வெற்றிலைக் கொடி படரும் தோட்டம். நிழல் கட்டி வளர்க்கும் பயிர்த்தோட்டமே அப்பறவையின் முகவரி என்பதை யாரோ ஒருவர் பார்த்து, பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார். அவர் கவிஞர்தாம், மாதக் கூட்டத்துக்கு வந்ததில்லை, அவ்வளவுதான்.

இனி காப்பியைப் பற்றி. காப்பிச் செடி எத்தியோப்பிய மலைக்காடுகளில், பெருமரங்களின் கீழே வளர்ந்த சிறுமரம். நிழல் அதற்குப் பிறவிக் குணம். பதினேழாம் நூற்றாண்டில் பாபா பூதன் என்னும் சூஃபிப் பெரியவர் ஏழு விதைகளை மறைத்துக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் பெரும்பரப்பில் பயிரிடத் தொடங்கியபோது, காட்டைக் கரைத்து வெட்டவெளியில் காப்பி நடும் பழக்கம் பல இடங்களில் வந்தது. வெயில் பட்டால் காய் கூடும் என்பது கணக்கு. முதல் சில ஆண்டுகளுக்கு அந்தக் கணக்கு சரியாகவே இருந்தது.

பிறகு 1869 வந்தது. அந்த ஓராண்டில் இரண்டு செய்திகள். முதற் செய்தி இலங்கையிலிருந்து. காப்பி இலையின் அடியில் ஆரஞ்சு நிறப் பொடிபோல் ஒரு பூஞ்சை தோன்றியது. இலைத்துரு நோய். மலைமலையாக ஒரே பயிர். காற்றைத் தடுக்க மரமில்லை. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காப்பித் தொழில் ஏறத்தாழ அழிந்தது. அந்த மலைகளில் தேயிலை ஏறியது.

இந்தக் கதையில் தமிழருக்கு ஒரு பங்குண்டு. அந்தக் காப்பியைப் பறித்தவர்கள் இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து சென்றவர்கள். கடலைக் கடந்து மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியிலேயே நோயிலும் பசியிலும் விழுந்தவர்கள் பலர். காப்பி பருவப் பயிர் ஆதலால், பறிப்பு முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினார்கள். அவர்களும் வலசை போனவர்களே. தேயிலை ஆண்டு முழுதும் ஆள் கேட்கும் பயிர். காப்பி அழிந்து தேயிலை வந்தபோது திரும்பி வருதல் குறைந்தது, அங்கேயே தங்கினார்கள். ஓர் இலையில் விழுந்த பொடி ஒரு மக்கள் கூட்டத்தின் வலசையையே மாற்றிவிட்டது.

அதே 1869இன் இரண்டாம் செய்தி குடகு, மைசூர், வயநாடு பகுதிகளைப் பற்றியது. அங்கே வெள்ளைத் தண்டு துளைப்பான் என்னும் வண்டு தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. காரணம் கண்டறியச் சென்னை மாகாண அரசு ஜார்ஜ் பிடீ என்னும் மருத்துவரை அனுப்பியிருந்தது. அவருடைய அறிக்கை 1869இல் வெளிவந்தது. நிழலுள்ள தோட்டங்கள் பிழைத்திருந்தன, வெட்டவெளித் தோட்டங்கள் மடிந்திருந்தன என்பது அவர் கண்டது. அந்த வண்டுக்கு வெயில் பிடிக்கும். சூடேறிய தண்டில்தான் முட்டையிடும். நிழல்மரம் வையுங்கள் என்று பிடீ பரிந்துரைத்தார். தென்னிந்தியக் காப்பி நிழலுக்குத் திரும்பியது இப்படித்தான். கருணையால் அன்று, பறவைக்காகவும் அன்று. பட்டறிவால் திரும்பியது. இன்றும் இந்தியக் காப்பி ஏறத்தாழ முழுவதும் நிழலில் விளைவது என்று உலகச் சந்தையில் நாம் பெருமை பேசுவதற்கு வேர் அங்கே இருக்கிறது. நிழல் இருந்தது, ஆகவே பறவையும் இருந்தது.

இலங்கையை அழித்த அதே துருநோய் நூறாண்டு கழித்து 1970இல் பிரேசிலில் காணப்பட்டது. 1976இல் நடு அமெரிக்காவின் நிகராகுவாவை எட்டியது. அங்கு அதுவரை, பெரும்பாலும் சிறு உழவர்கள், பலவகை மரங்களின் கீழே காப்பி வளர்த்து வந்தார்கள். அச்சம் வந்ததும் அறிவுரை தலைகீழானது. நிழலின் ஈரத்தில் துரு வளரும், ஆகவே மரங்களை வெட்டுங்கள், வெயில் தாங்கும் குட்டை இரகங்களை நெருக்கி நடுங்கள், உரமும் மருந்தும் போடுங்கள் என்றார்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டின் உதவிப் பணமும் அதற்குத் துணை நின்றது. 1990களின் தொடக்கத்துக்குள் மெக்சிகோ முதல் கொலம்பியா வரையிலான காப்பிப் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு நிழலை இழந்தது அல்லது நிழல் மெலிந்தது. நெஞ்சில் தைப்பது இதுதான்: மரம் வெட்டுவதற்குப் பணம் வந்த நாட்டிலேயே, வசந்தத்தில் பாட்டுக் குருவிகள் குறைந்துவிட்டன என்று மக்கள் வருந்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய குருவிகள் குளிர்காலத்தைக் கழித்தது அந்த மரங்களில்தான்.

செருலியன் என்றொரு சிறு குருவி. வானத்தின் நீலத்தை முதுகில் சுமந்திருக்கும். எடை ஒன்பது கிராம் அளவு. ஐக்கிய நாட்டின் கிழக்குக் காடுகளில் கூடு கட்டி, தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைச்சரிவுகளில் குளிர்காலம் கழிக்கிறது. அதற்கு உகந்த உயரமும் காப்பிக்கு உகந்த உயரமும் ஒன்றே. 1966இலிருந்து எடுத்த கணக்குகளின்படி அதன் தொகை மூன்றில் இரண்டு பங்குக்குமேல் சரிந்துவிட்டது. காப்பி ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். கூடு கட்டும் காடுகளும் அழிகின்றன. கண்ணாடிக் கட்டடங்களும் வீட்டுப் பூனைகளும் பறவைகளைக் கொல்கின்றன. ஆனால் தங்குமிடம் போனதற்குக் காப்பியும் ஒரு காரணம். 1970 முதல் வட அமெரிக்கா ஏறத்தாழ 300 கோடிப் பறவைகளை இழந்திருக்கிறது என்று 2019இல் அறிவியலாளர்கள் கணக்கிட்டு வெளியிட்டார்கள்.

1991இல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனம் வலசைப் பறவைகளுக்கென ஓர் ஆய்வு மையம் தொடங்கியது. அம்மையத்தார் மெக்சிகோவின் சியாபாஸ் மலைகளில் பழைய முறைக் காப்பித் தோட்டங்களில் 150க்கும் மேற்பட்ட பறவை வகைகளைக் கண்டார்கள். வெயில் தோட்டங்களிலோ மிகச் சிலவே. பின்னர், பறவைக்கு உகந்த காப்பி எது என்று அளவுகோலும் வகுத்தார்கள். இரசாயன மருந்தும் உரமும் இருக்கக்கூடாது. மரக்கூரை பரப்பில் நூற்றுக்கு நாற்பது பங்காவது நிழல் தரவேண்டும். முதன்மை நிழல்மரங்கள் பன்னிரண்டு மீட்டராவது உயரவேண்டும். அவற்றுக்கு அப்பால் பத்து வகை மரங்களாவது கலந்திருக்கவேண்டும். கேட்கும்போது என் மாமாவின் நான்கு ஏக்கர் என் கண்முன் வந்தது. அளவுகோல் எதுவும் அறியாமல் அவர் பாட்டன் நட்டு வைத்திருந்த தோட்டம் அது. அத்தியும் நாவலும் பலாவும் சந்தனவேம்பும் மேலே, முள்ளுமுருங்கையும் கமலா ஆரஞ்சும் நடுவில், இடையிடையே மலைவாழை, கீழே காப்பி.

'இருந்தது' என்ற பொருளில்தான் பேசுகிறேன். நம் மலையிலும் நிழல் மாறிக்கொண்டிருக்கிறது. இங்கே யாரும் வெயில் காப்பிக்குப் போகவில்லை. மரங்கள் வரிசையாக நிற்கின்றன. தொலைவிலிருந்து பார்த்தால் பசுமையாகவே தெரியும். ஆனால் எல்லாம் ஒரே மரம். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக். நேராக, விரைவாக வளரும். மிளகுக் கொடி ஏற்ற வசதி. சில ஆண்டுகளில் வெட்டி விற்கலாம். குடகில் நாட்டு மரத்தை வெட்டவும் விற்கவும் ஆயிரம் கட்டுப்பாடு. சில்வர் ஓக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. காட்டைக் காக்கப் போட்ட சட்டமே, நாட்டு மரத்தை நடாதே என்று உழவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டது. சில்வர் ஓக்கின் பூவுக்குத் தேன் குடிக்கும் பறவைகள் சில வரும். ஆனால் அத்தி தரும் பழத்தை அது தராது. பலவகை மரங்கள் பலவகைப் பூச்சிகளைத் தாங்குவதுபோல் ஒரே மரம் தாங்காது. நிழல் இருக்கும், நிழலுக்குள் உணவு இராது.

2001ஐ ஒட்டிய ஆண்டுகளில் உலகச் சந்தையில் காப்பி விலை விழுந்தது நினைவிருக்கலாம். 1989இல் பன்னாட்டுக் காப்பி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை முறிந்ததில் தொடங்கிய சரிவு, அந்த ஆண்டுகளில் அடிமட்டத்தைத் தொட்டது. பறிகூலிக்கே விலை காணாது என்ற நிலை. ஒரு விடுமுறைக்கு நான் போயிருந்தபோது மாமாவின் தோட்டத்தில் வானம் தெரிந்தது. அதற்கு முன் அங்கே நின்று நான் முழு வானத்தைப் பார்த்ததில்லை. அனுமதி வாங்கிப் பெரிய மரங்களை விற்றிருந்தார். இடுப்புயரத்துக்குச் சில்வர் ஓக் கன்றுகள் வரிசையாக நின்றன. அவருடைய மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருந்தது.

நான் படித்தவன் அல்லவா, "இப்படிச் செஞ்சுட்டீங்களே மாமா" என்றேன். அவர் கோபப்படவில்லை. வெட்டிய அத்தியின் அடிக்கட்டையில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "மாப்ளே, காப்பிக்கு வெல சொல்றவன் காப்பிக்குத்தான் வெல சொல்றான். நெழலுக்கு எவன் வெல சொன்னான்? சொல்லியிருந்தா நான் ஏன் வெட்டப்போறேன்?"

அன்று எனக்கு விடை தெரியவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கேள்வியையே சுமந்துகொண்டிருக்கிறேன். அந்த விடுமுறையில் ஆறுமணிக்குருவியின் குரலையும் நான் கேட்கவில்லை. ஓராண்டின் செவியை வைத்துக்கொண்டு அறிவியல் பேசக்கூடாது. பறவை வந்தும் நான் கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை என்னும் அறிக்கை, பல்லாயிரம் பேர் பல ஆண்டுகளாகக் கண்டு குறித்தவற்றைக் கொண்டு எழுதப்பட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 வகைகளில் 204 வகைகள் குறைந்துவிட்டன என்கிறது அது. நெடுந்தொலைவு வலசை வரும் பறவைகளே மிகுதியாகக் குறைந்தன என்றும் சொல்கிறது.

நிழலுக்கு யார் விலை சொல்வது? இதற்கு மூன்று விடைகளைக் கண்டிருக்கிறேன்.

முதல் விடையைப் பறவைகளே தருகின்றன. காப்பிக் காய்க்குள் புகுந்து கொட்டையைத் தின்னும் காய்த்துளைப்பான் வண்டு இந்தியாவில் முதன்முதல் 1990இல் நீலகிரியின் கூடலூர்ப் பகுதியில் காணப்பட்டது. எள்ளளவு வண்டு. உலகக் காப்பிக்கே பெரும்பகை. ஜமைக்காவில் காப்பிச் செடிகள் சிலவற்றை வலையிட்டு மூடிப் பறவைகள் வராமல் தடுத்துப் பார்த்தார்கள். மூடிய செடிகளில் வண்டு மிகுந்தது. அங்கே வண்டைத் தின்றவற்றுள் வடக்கிலிருந்து வலசை வந்த குருவிகளும் இருந்தன. கோஸ்டா ரிக்காவில் நடந்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. பறவைகள் காய்த்துளைப்பானின் தாக்குதலைப் பாதியாகக் குறைத்தன என்று அது கண்டது. ஆக, குருவி வாடகை கொடுக்காமல் தங்குவதில்லை. கணக்கேட்டில் அந்த வரவை நாம் எழுதாமல் விட்டிருக்கிறோம்.

இரண்டாம் விடை சந்தையினுடையது. பறவைக்கு உகந்த காப்பி என்று முத்திரை குத்தி, கூடுதல் விலைக்கு விற்கும் முறை மேலைநாடுகளில் இருக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் சான்றிதழுக்குச் செலவு உண்டு; எழுத்து வேலை உண்டு. நான்கு ஏக்கர்க்காரர் தனியாக அதைத் தாங்கமாட்டார். கூட்டாகச் சேர்ந்தால்தான் முடியும். கூடுதல் விலை இடையில் கரைந்துபோகாமல் தோட்டம் வரை வந்து சேரவேண்டும். முத்திரையைக் கண்டதும் மனச்சான்றை மூடிவைத்துவிடுவது எளிது, அது போதாது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்லவேண்டும். நிழல்தோட்டம் காடு ஆகாது. காட்டுக்குள் மட்டுமே வாழும் உயிர்கள் பல தோட்டத்துக்கு வருவதில்லை. இருக்கும் காட்டை அழித்து நிழல்காப்பி நட்டுவிட்டுப் பறவைகளைக் காத்தோம் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. ஆனால் காடு போன இடத்தில், காட்டுக்கும் காட்டுக்கும் இடையில், நிழல்தோட்டம் பாலமாக நிற்கிறது. கர்நாடகக் காப்பித் தோட்டங்களைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வொன்று, காட்டைச் சார்ந்த பறவைகள் 79 வகைகளை அங்கே கண்டதாகச் சொல்கிறது. இது சிறிய எண் அன்று.

மூன்றாம் விடை உங்களுடையது. தொல்காப்பியர் ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருள் வகுத்தார். அதில் உணவு உண்டு, மரம் உண்டு, பறவை உண்டு, தொழில் உண்டு. நாம் அதைப் பட்டியலாக மனப்பாடம் செய்து தேர்வு எழுதினோம். அது பட்டியல் அன்று என்பது எனக்கு மாமாவின் தோட்டத்தில்தான் விளங்கியது. உணவு மரத்தைத் தாங்குகிறது. மரம் பறவையைத் தாங்குகிறது. பறவை தொழிலைத் தாங்குகிறது. தொழில் இவை அனைத்தையும் தாங்குகிறது. ஒன்றை உருவினால் மற்றவையும் சரியும். குறிஞ்சியைப் பாடிய முன்னோர் வேங்கையைப் பாடும்போது தினைப்புனத்தையும், தினைப்புனத்தைப் பாடும்போது கிளியையும், கிளியைப் பாடும்போது அதை ஓட்டும் பெண்ணையும் பாடினார்கள். நாமோ பறவையை மட்டும் பிடுங்கி எடுத்து, விடுதலைக்கு உவமையாக வானத்தில் விட்டுவிட்டோம். அது எங்கே இறங்கும் என்று கேட்கவில்லை.

கவிதையால் காப்பி விலை ஏறாது. அதை நான் அறிவேன். ஆனால் எதற்குப் பெயர் இல்லையோ அதற்கு விலை சொல்ல யாருக்கும் தோன்றாது. கொடிக்கால் வாலாட்டி என்ற பெயரை ஒருமுறை கேட்டவர் அகத்தி நிழலை அதே கண்ணோடு பார்க்கமாட்டார். பெயர் வைப்பதும், வைத்த பெயரை மறவாமல் காப்பதும் உங்கள் தொழில். அதனால்தான் இதைத் தோட்ட அதிபர்கள் கூட்டத்தில் பேசாமல் இங்கே பேசினேன்.

வட்டத்தின் முன் இரண்டு வேண்டுகோள்கள். காப்பிப்பொடி வாங்கும்போது பீபரியா, பிளாண்டேஷன் ஏயா, சிக்கரி எத்தனை பங்கு என்றெல்லாம் கேட்கிறோம். இனி, எந்த ஊர்க் கொட்டை, எந்த மரத்தடியில் விளைந்தது என்றும் கேளுங்கள். கடைக்காரருக்கு முதல்முறை தெரியாது. பத்துப் பேர் கேட்டால் அவர் கொள்முதல்காரரைக் கேட்பார். கொள்முதல்காரர் தோட்டத்தில் வந்து கேட்பார். என் மாமா காத்திருந்தது அந்தக் கேள்விக்குத்தான்.

இரண்டாவது, வரும் மார்கழிக் கூட்டத்தைத் தாண்டிக்குடி மலையில் வைத்துக்கொள்வோம். மாமா இப்போது இல்லை. அவருடைய மகளும் மருமகனும் தோட்டத்தைப் பார்க்கிறார்கள். சில்வர் ஓக் வரிசைகளுக்கு இடையில் அத்தியும் நாவலும் பலாவும் மறுபடியும் நட்டிருக்கிறார்கள். எதற்காக என்று கேட்டேன். "ஒரே மரமா நிக்கிறது அப்பாவுக்கே பிடிக்கல அத்தான், வேற வழியில்லாம செஞ்சாரு" என்றாள் அந்தப் பெண். கன்றுகள் இன்னும் என் தலைக்கு மேல் வளரவில்லை. அவை கூரையாக நிற்க இருபது ஆண்டுகளாவது ஆகும். அதுவரை அவர்கள் அந்த மரங்களை வெட்டாமல் இருக்கும்படி காப்பிக்கு விலை கிடைக்கவேண்டும்.

காலை ஐந்தரை மணிக்கு எழவேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆறுமணிக்குருவி விமரிசகர்களுக்காகக் காத்திராது. குரல் கேட்டால் நல்லது. கேட்காவிட்டாலும், அது ஏன் கேட்கவில்லை என்று நாம் அறிந்தவர்களாகத் திரும்புவோம்.

பின்னறையில் காப்பி ஆறிக்கொண்டிருக்கிறது.